பூசணிக்குப் பூசணம் பிடித்த கதை

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பூசணி என்று பெயர். மஞ்சள் பூசணிக் கீற்றின் நிறம், குட்டியில் உருண்டையாக வேறு இருந்தான். அம்மா வைத்த பெயர். அவன் மூக்குக்குள் இருப்பது பூஞ்சை என்று தெரிந்த அன்று, "பூசணின்னு பேர் வெச்சதுக்குப் பூசணமே பிடிச்சிருச்சாடா" என்று சிரிக்க ஆரம்பித்த அம்மா பாதியில் அழுதுவிட்டாள். இப்போது எல்லாரும் சிரிக்கிறோம். முதல் தும்மலிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. அதில் முதல் மூன்று மாதம் சளி என்று நினைத்தே வீணாய்ப் போனது.

நாங்கள் இருப்பது பெரம்பூரில், இரண்டாவது மாடி. பூசணி நாட்டுப் பூனை, அப்போது ஆறு வயது, 4.2 கிலோ. வெளியே விடுவதில்லை. பால்கனிதான் அவன் உலகம். ஐப்பசி அடைமழையில் தும்ம ஆரம்பித்தான். மிளகாய் தாளித்த வீட்டில் மாட்டிக்கொண்டவன் மாதிரி விடாமல் ஆறு ஏழு தும்மல். இடது பக்க மூக்கில் மட்டும் தண்ணீர். டிவி திரையில் பொட்டுப் பொட்டாகக் காய்ந்த கறை. யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் துடைத்தேன்.

'இடது பக்கம் மட்டும்' என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். வைரஸ் சளி வந்த பூனைக்குப் பொதுவாக இரண்டு மூக்கும் ஒழுகும், கண்ணும் சேர்ந்து கலங்கும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். வாரக்கணக்கில் ஒரே பக்கம் ஒழுகினால் உள்ளே ஏதோ இருக்கிறது: மாட்டிக்கொண்ட புல், பல் வேரில் சீழ், கட்டி, இல்லையென்றால் பூஞ்சை.

முதலில் பார்த்த டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆண்டிபயாட்டிக் கொடுத்தார். அதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். (அந்த மாத்திரையைப் பூனைக்கு வறட்டு வாயில் போடாதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். போட்டவுடன் சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் கொடுக்க வேண்டும்.) பத்து நாளில் ஒழுகல் குறைந்தது. மாத்திரை முடிந்த நாலாம் நாள் திரும்ப வந்தது, இந்த முறை கெட்டியாக, பச்சையாக, ஒரு நாள் லேசான ரத்தத்தோடு.

மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள். பாக்டீரியா இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அதற்கு ஏற்ற ஆண்டிபயாட்டிக், பதினைந்து நாள். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. பின்னால்தான் தெரிந்தது, எந்தப் பூனையின் மூக்கில் பஞ்சு விட்டாலும் ஏதாவது பாக்டீரியா வளரத்தான் செய்யும். உள்ளே வேறொன்று சுவரை அரித்து வைத்திருக்கும்போது இவை மேலே வந்து உட்காரும். மருந்து அவற்றைக் கொஞ்ச நாள் விரட்டும், அரிப்பது பாட்டுக்கு அரிக்கும். 'ஆண்டிபயாட்டிக் போட்டால் குறைகிறது, நிறுத்தினால் வருகிறது' என்பது இரண்டு தடவை நடந்துவிட்டால் மூன்றாவது ஆண்டிபயாட்டிக்கைக் கேட்காதீர்கள்.

நாங்கள் மூன்றாவதைக் கேட்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தோம். வேறொரு கிளினிக்கில், "அலர்ஜியா இருக்கும், வீட்ல ஊதுவத்தி கொளுத்துவீங்களா?" என்று கேட்டார்கள். கொளுத்துவோம். நாள்பட்டு வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். இரண்டே நாளில் பூசணி பழைய பூசணி. தும்மல் இல்லை, மீன் கேட்டுக் காலைச் சுற்றினான். அந்த டாக்டரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தேன். அந்த ஊசி உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்பது மூன்றாம் வாரத்தில் வெளியே தெரிந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும், கூடவே உடம்பின் காவலையும் தூங்க வைக்கும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தெரியவந்த விதம் இப்படி. என் மகள் ஒரு நாள், "அப்பா, பூசணி மூஞ்சி சிங்கம் மாதிரி ஆயிடுச்சுப்பா" என்றாள். வயசாகுதுல்ல என்றேன். அவள் விடாமல் போனில் ஆடி மாசத்துப் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஆடியில் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கோடு உள்வாங்கி இறங்கியது. தையில் அதே இடம் ஆட்டுக்கடா மூக்கு மாதிரி மேடு தட்டி, இடது பக்கம் புடைத்திருந்தது. தினமும் மடியில் வைத்துக் கொஞ்சிய எனக்குத் தெரியவில்லை. மெதுவாக மாறுவது கூடவே இருப்பவர் கண்ணில் படாது, படத்தில் படும். மாதம் ஒரு தடவை பூனையைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள், செலவில்லாத பரிசோதனை.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஓர் இளம் டாக்டர். பூசணியைக் கூடையிலிருந்து எடுத்ததும் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவில்லை. ஒரு வெற்றுக் கண்ணாடி ஸ்லைடை ஏ.சி. காற்றில் கொஞ்சம் ஆற வைத்து, அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தார். வலது பக்கம் மூச்சுப் பட்டு வெள்ளையாக ஒரு வட்டம் பனித்து, மறைந்து, மறுபடி பனித்தது. இடது பக்கம் ஸ்லைடு பளிங்கு மாதிரி இருந்தது. "சார், இந்தப் பக்கம் காத்தே வரல, பாருங்க." மூன்று மாதத்தில் யாரும் செய்யாத சோதனை. வீட்டில் எவர்சில்வர் தட்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தும் பார்க்கலாம்.

பிறகு தாடைக்குக் கீழே தடவினார். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். இடது பக்கம் நெறி கட்டி, சுண்டைக்காய் அளவுக்கு உருண்டது. கையுறையை மாட்டிக்கொண்டு, மூக்கின் மேலிருந்த மேட்டில் மெல்லிய ஊசியைக் குத்தி உறிஞ்சினார். மயக்க மருந்து கூட இல்லை, நான் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வந்தது ஒரு சொட்டு, நுங்குத் தண்ணி மாதிரி வழவழவென்று. அதைக் கறுப்பு மையோடு கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஐந்து நிமிடத்தில், "வந்து பாருங்க சார்" என்றார்.

கறுப்புப் பின்னணியில் வட்ட வட்டமாக வெளிச்சம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு சின்ன உருண்டை. ஊறவைத்த சப்ஜா விதை பார்த்திருப்பீர்களே, நடுவில் விதை, சுற்றிலும் கண்ணாடி மாதிரி வழவழப்பு, அச்சாக அதுதான். சிலவற்றிலிருந்து ஒரு குட்டி உருண்டை முளைத்துக்கொண்டிருந்தது. "கிரிப்டோகாக்கஸ். ஈஸ்ட் வகைப் பூஞ்சை." அந்த ஸ்லைடுக்கு நான் கொடுத்தது 350 ரூபாய். அதற்கு முன் மூன்று மாதத்தில் செலவழித்ததைக் கணக்குப் பார்க்க மனசு வரவில்லை.

எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் சமையலறைப் பக்கத்து ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் மேல் புறா கூடு கட்டி, எச்சம் விரற்கடை உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது. பூசணியின் நாற்காலி அதற்கு நேர் இந்தப் பக்கம். இந்தப் பூஞ்சையை 1894இல் இத்தாலியில் பழச்சாற்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். புறா எச்சத்தில் இது செழிக்கிறது என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது. எச்சம் காய்ந்து தூளானால் மூச்சோடு உள்ளே போகும். புறாவுக்கு நோய் வருவது அரிது. மரப் பொந்திலும் இருக்கும். இதன் நெருங்கிய உறவுப் பூஞ்சை ஒன்றை ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரங்களிலிருந்து எடுத்தார்கள், நம் நாட்டில் நாவல் மரப் பொந்துகளில் மட்கிய கட்டையிலும் கிடைத்திருக்கிறது. நான் புறாமேல் பழி போடத் தயாராக இருந்தேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ள போய் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டு அப்புறம் கிளம்பும் சார். புறாதான்னு நம்மால சத்தியம் பண்ண முடியாது. எச்சத்தை எடுங்க, ஆனா சும்மா பெருக்காதீங்க." தண்ணீர் அடித்து நன்றாக நனைத்து, முகக்கவசம் போட்டு, வழித்து எடுத்து மூட்டை கட்டினேன். சர்க்கரை நோய் இருக்கும் அம்மாவை அந்தப் பக்கமே விடவில்லை. அப்புறம் வலை போட்டோம்.

அடுத்த கவலை, இது எங்களுக்கு ஒட்டுமா? ஒட்டாது. கிரிப்டோகாக்கஸ் பூனையிடமிருந்து மனிதருக்கு வருவதில்லை. பூனை மூச்சில் இழுத்த அதே தூசியை நாமும் இழுக்கிறோம், அவ்வளவுதான் தொடர்பு. பின்னே கையுறை எதற்கு என்று கேட்டேன். மூக்கில் புண்ணாக வரும் இன்னொரு பூஞ்சை, ஸ்போரோத்ரிக்ஸ், பூனை பிறாண்டினால் மனிதருக்கு வரும். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவில் 1990களின் கடைசியிலிருந்து பூனைகளும் பூனை வளர்ப்பவர்களும் அதில் படாத பாடு படுகிறார்கள். எந்தப் பூஞ்சை என்று தெரியும்வரை மூக்குப் புண்ணை வெறுங்கையால் தொடக் கூடாது.

'எந்தப் பூஞ்சை' என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தேன். பூஞ்சை என்றால் பூஞ்சை மாத்திரை, அதிலென்ன? இருக்கிறது. பெர்ஷியன் போன்ற சப்பை மூக்குப் பூனைகளுக்கு அதிகம் வருவது ஆஸ்பர்ஜிலஸ், நூல் நூலாக வளரும் வகை. மூக்கு எலும்பைத் தின்று சிலசமயம் கண்ணுக்குப் பின்னால் போய் விழியையே வெளியே தள்ளிவிடும். பூசணிக்கு எழுதிக் கொடுத்த ஃப்ளூகோனசோல் அதைத் தொடக்கூடத் தொடாது. அதற்கு வேறு மருந்து, அதிலும் பாதை கரடுமுரடுதான். "பக்கத்து வீட்டுப் பூனைக்கு இந்த மாத்திரையில சரியாச்சு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். என் பூசணியின் அளவையும் உங்கள் பூனைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரத்தத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பூஞ்சையைச் சுற்றி இருக்கும் வழவழப்பு ஒருவகைச் சர்க்கரைப் பொருள், அது ரத்தத்தில் கரைந்து ஓடும். ரத்தநீரை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கவைத்துக்கொண்டே போய், கடைசியாக எதுவரை பாசிட்டிவ் காட்டுகிறது என்று பார்ப்பார்கள். மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சலில் செய்யும் அதே சோதனை என்பதால் மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போனேன். விண்ணப்பத்தில் 'பூசணி, 6 வயது, ஆண்' என்று எழுதியதைப் பார்த்த பெண், "பையனுக்கு வீட்ல கூப்பிடுற பேரா சார்?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். பிறகு குற்ற உணர்ச்சியாகி பூனை என்று சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது. பூசணியின் எண் 1:2048, அதாவது 2048 மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ். பூனைகளின் எய்ட்ஸ் வைரஸ், ரத்தப் புற்று வைரஸ் இரண்டுக்கும் செய்த சோதனை நெகட்டிவ்.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள சல்லடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும் என்றார் டாக்டர். அப்போது எங்களால் முடியவில்லை. அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. அறையை இருட்டாக்கி, கண்ணுக்குள் விளக்கடித்து விழித்திரையைப் பார்த்தார். இந்தப் பூஞ்சைக்கு மூளையும் கண் நரம்பும் பிடித்த இடம். கண்மணி வெளிச்சத்திலும் விரிந்தே நிற்பது, தலை சாய்வது, தள்ளாடுவது, சுவரில் முட்டுவது, இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஃப்ளூகோனசோலைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் அதுதான். மூளைக்கும் கண்ணுக்கும் அது நன்றாகப் போய்ச் சேரும்.

50 மில்லிகிராம், காலையும் மாலையும். மெடிக்கல் கடையில் 150 மில்லிகிராம் மாத்திரைதான் சாதாரணமாக ஓடும், பெண்களுக்கு ஒற்றை மாத்திரையாகக் கொடுப்பது. நான் 50இல் அறுபது மாத்திரை கேட்டதும் கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணா, எத்தனை பேருக்கு?" என்றான்.

மாத்திரை கொடுப்பது ஒரு பாடு என்றால், சாப்பிட வைப்பது பத்து பாடு. பூனைக்குப் பசி வாயில் இல்லை, மூக்கில். வாசம் தெரியாவிட்டால் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். 4.2 கிலோ 3.1 ஆகியிருந்தது. இரண்டு மூன்று நாள் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே ஆளைக் கொன்றுவிடும், அதனால் 'தானா சாப்பிடும்' என்று காத்திருக்கக் கூடாது. சங்கரா மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் வைத்தோம். ஆறிவிட்டால் தொடமாட்டான், மறுபடி சூடு. நெத்திலிக் கருவாட்டை மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, வாணலியில் பிரட்டி, பொடித்து மேலே தூவியதும் ஒரு நாள் நாக்கை நீட்டினான். சாப்பாட்டுக்கு முன் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்ரூமில் அவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். மூக்குப் பொருக்கு இளகும், வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுவேன்.

அந்த நாட்களில் அம்மா பாசத்தில் ஒரு காரியம் செய்தாள். அவன் படுக்கும் துண்டில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு. நல்லவேளை, வாசம் என் மூக்குக்கு வந்தது. தைலம், கற்பூரம், நமக்கான மூக்கு சொட்டு மருந்து எல்லாமே பூனைக்கு விஷம். பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும், உயிரே போய்விடும். சளி என்றதும் நம் கை தன்னாலே போகும் அலமாரி அது, பூனைக்காக அந்தக் கதவைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது வாரம் தும்மல் குறைந்தது. இரண்டாம் மாதம் மேடு தட்டையாக ஆரம்பித்தது. நாலாம் மாதம் எண் 1:128. மூக்கு பார்க்க நேராக இருந்தது, எடை 3.9. கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனைகளும் சரி. டாக்டர் சொன்னது, அந்த எண் நெகட்டிவ் ஆகும்வரை மாத்திரை. எனக்கோ தினமும் இரண்டு வேளை அவன் வாயைத் திறப்பது அலுத்துவிட்டது. அவனும் என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், அதுதான் அதிகம் வலித்தது. ஊருக்குப் போன ஒரு வாரம் மாத்திரை தவறியது. ஒன்றும் ஆகவில்லையே என்று அப்படியே விட்டுவிட்டேன். டாக்டரிடம் சொல்லவும் இல்லை. முன்னால் நடந்ததற்கு மற்றவர்கள்மேல் குறை சொல்லலாம், இது முழுக்க என் வேலை.

ஆறு வாரம். ஒரு காலையில் டிவி திரையில் பொட்டுப் பொட்டாகக் கறை.

எண் 1:1024க்கு ஏறியிருந்தது. டாக்டர் திட்டவில்லை, "எத்தனை நாளா நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். இந்த முறை மாத்திரையோடு ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும். பூனைக்கு நரம்பில் ஏற்றாமல், நிறைய சலைன் டிரிப்ஸில் கலந்து தோலுக்கடியில் விடும் முறை ஒன்று 1990களில் சிட்னியில் உருவானது. வாரம் இரண்டு முறை, முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி தண்ணீர்ப் பையோடு பூசணி வீடு வருவான். மாலைக்குள் திமில் வயிற்றுப் பக்கம் இறங்கி, மறுநாள் வடிந்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் அடிக்கடி பார்த்தார்கள். எட்டாம் வாரம் அது லேசாக ஏறியதும் நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடர்ந்தோம். இந்த முறை காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் மகள் ஒரு டிக் போட்டாள், நான் டிக் கேட்டு அவளிடம் போய் நிற்க வேண்டும்.

எண் நெகட்டிவ் என்று வந்தது போன வைகாசியில். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்து, மறுபடி சோதித்து, அப்போதும் நெகட்டிவ் என்ற பிறகுதான் டாக்டர் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறோம். உள்ளே எலும்பு கொஞ்சம் போயிருக்கும் போல, தூங்கும்போது குறட்டை விடுகிறான், குளிர் நாளில் தெளிவாகத் தண்ணீர் வடிகிறது. அதோடு வாழப் பழகிவிட்டான். புறா வலைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறது, இவன் இந்தப் பக்கம் பல்லை நறநறக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பிக்கு முன்னால், ஃப்ரிட்ஜிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து அவன் தூங்கும்போது மூக்கருகே பிடிக்கிறேன். இந்த வாரமும் பிடித்தேன். வலது பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பனித்தது. இடது பக்கம் அதில் பாதிதான். ஆனால் பனித்தது.